நூல் பிடித்த ஸ்டியரிங்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஓர் ஆயுத பூஜை நாள் அது. மதுரை ஆரப்பாளையத்தில், வைகைக் கரைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் தொழில் ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வேலை பார்த்த இடத்தில் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு வீறாப்பாக வெளியே வந்தவர். வீறாப்பில் எங்கள் இருவருக்கும் பத்துப் பொருத்தமும் உண்டு.

முதல் பெரிய வேலையாக வந்தது திருமங்கலம் பக்கத்துப் பண்ணையார் ஒருவரின் பழைய கார். ஸ்டியரிங் தண்டு தேய்ந்து, மூட்டுகளெல்லாம் லொடலொடவென்று ஆடின. புதுச் சாமான் பம்பாயிலிருந்து ரயிலில் வந்து சேரவே இரண்டு மாதம் ஆயிற்று. மறுநாள் விஜயதசமி காலையில் பண்ணையாரின் டிரைவர் வந்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குத் திருப்தி என்றால் பண்ணையின் மற்ற வண்டிகளும் எங்களிடம் வரும். இல்லையென்றால் கொட்டகையைப் பிரித்துவிட்டு இவர் பழைய மேஸ்திரி முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

பூஜைக்குப் பொரிகடலை வாங்க இவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மாட்டுவதற்காகச் சாக்கில் பரப்பியிருந்த புதுச் சாமான்களைப் பார்த்தேன். ஒன்றிரண்டில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக அழுக்காக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்புட்டையும் அழிச்சிட்டியே புள்ள. அது நான் போட்ட அடையாளம்ல."

ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு பல்பெட்டி. அதிலிருந்து ஓர் இரும்புக் கை. அந்தக் கைதான் முன்சக்கரங்களைத் திருப்பும். அதை எந்தப் பல்லில் மாட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறதாம். அடுத்தவர் வண்டிச் சாமானில் உளியால் கீறக் கூடாதென்று, அந்தப் பல்லுக்கு நேரே சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது; ஆனால் வாய் சும்மா இருந்ததா? "சாமிக்குத்தான செஞ்சேன்" என்றேன்.

குத்துமதிப்பாக மாட்டி ஓட்டிப் பார்த்தார். வலப்பக்கம் நன்றாகத் திரும்பியது. இடப்பக்கம் பாதிக்கு மேல் வரவில்லை. எதிரே வந்த வைக்கோல் வண்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பல் மாற்றி மாட்டினார். இப்போது எதிர்ப்பக்கம் தகராறு. வியர்த்து வழிந்தபடி, "நடு எதுன்னு பிடிபடலையே" என்றார்.

"கடைசி எதுன்னு தெரியுமா?"

"ரெண்டு கடைசியும் தெரியும்."

"அப்புறம் நடு மட்டும் எங்க போயிரும்?"

பூக்கட்ட வைத்திருந்த நூல்கண்டை எடுத்து வந்தேன். இரும்புக் கையைக் கழற்றச் சொல்லி, ஸ்டியரிங்கை இடது கோடிக்குத் திருப்பச் சொன்னேன். ஸ்டியரிங் வளையத்துக்கு அடியில் தண்டில் நூல்நுனியைக் கட்டி, மறுபக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் மெல்ல வலது கோடி வரை திருப்ப, நூல் தண்டில் சுற்றிக்கொண்டது. சுற்றிய அளவை வெட்டி எடுத்து, இரண்டாக மடித்து, நடுவில் மஞ்சள் தடவினேன். மறுபடி இடது கோடியிலிருந்து அதே நூலைச் சுற்ற, மஞ்சள் தண்டைத் தொட்டதும் "நிறுத்துங்க" என்றேன். முன்சக்கரங்களை நேராக வைத்து இரும்புக் கையை மாட்டினார். சாயங்காலப் பூஜைக்குள் எல்லா ஸ்பேனரும் சாமி முன்னால் இருந்தன.

மறுநாள் வந்த டிரைவருக்குச் சிரிப்பையே அறியாத முகம். இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் போனார். அவர்கள் திரும்பி வரும் வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இறங்கியதும் டிரைவர் சொன்னார்: "நூல் புடிச்ச மாதிரி போகுது தம்பி. பண்ணையில இன்னும் ரெண்டு வண்டி கெடக்கு, அனுப்பிவிடுறேன்."

இவர் பேசாமல் தலையாட்டியிருக்கலாம். சாமானைத் துடைத்துக் கெடுத்தவளும் நான்தான், அதையாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

"மாதிரி இல்லண்ணே, நூல் புடிச்சதுதான். புடிச்சது இவ."

வேற்று ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிற நான், அன்று நின்ற இடத்திலேயே நின்றேன். ஊரில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் பேச்சுதான் அது. ஆனாலும் யார் எதைப் பற்றி 'நூல் பிடித்த மாதிரி' என்று சொன்னாலும், என்னைத்தான் சொல்கிறார்கள் என்று இன்றைக்கும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.