டயர்க்காரர் வீட்டுச் செம்பருத்தி

டயர்க்காரர் முப்பத்தொரு வருடம் பஞ்சர் கடை வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இருட்டிய பிறகுதான் வீடு. செம்பருத்தியோ விடிந்தபின் விரிந்து அந்தியில் சுருங்கிவிடும். தன் வீட்டுக் கொல்லைப் பூவை அவர் விரிந்த நிலையில் பார்த்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கொல்லை மனைவியின் ராஜ்ஜியம். கடையில் கழித்துப்போட்ட லாரி டயர்களை அவர் உருட்டி வருவார். அவள் மண் நிரப்பிச் செடி வைப்பாள். ஒருமுறை மஞ்சள் பூவின் மகரந்தத்தைப் பெயிண்ட் பிரஷ்ஷில் தொட்டுச் சிவப்புப் பூவில் தடவி, அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டினாள். என் வீட்டுக்காரி பூவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள் என்று கடையில் சொல்லிச் சிரித்தார். காய் வெடித்துப் பதினொரு விதை கிடைத்தது. முளைத்தவை நான்கு. அதில் ஒன்று இரண்டாம் வருடம் பூத்தது: செங்கல் நிற ஆரஞ்சு, நடுவில் அடர் சிவப்பு. நல்ல கோடை, அன்று கடையடைப்பு என்பதால் அவரும் வீட்டில் இருந்தார். படம் எடுத்து, சட்டம் போட்டு, கடைச் சுவரில் மாட்டினார். அப்படி ஒரு செடி வேறெங்கும் கிடையாது. தன் தங்கைக்கு மட்டும் மனைவி ஒரு கொப்பு வெட்டிக் கொடுத்திருந்தாள்.

மனைவி இறந்ததும் கடையை மூடிவிட்டு அவர் கொல்லைக்கு வந்தார். காலை ஒரு வாளி தண்ணீர், மாலை ஒரு வாளி. இலை பழுத்தபோது தாகம் என்று நினைத்து மதியமும் ஒரு வாளி. ஒன்றரை மாதத்தில் வேர் அழுகிச் செடி சாய்ந்தது.

தையல் வகுப்பு நடத்தும் மைத்துனியிடம் போய் நின்றார். செடிக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தீர்களா என்று திட்டிக்கொண்டே அவள் மூன்று கொப்பு வெட்டிக் கொடுத்தாள். இரண்டு காய்ந்தன; ஒன்று துளிர்த்தது. இப்போது மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர். எட்டு மாதம் கழித்து, பனி நாளில் முதல் பூ வந்தது. வெளிர் மஞ்சள், ஓரத்தில் ரோஸ். படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போன் போட்டார்.

"நீ வேற எதையோ வெட்டிக் குடுத்துட்ட."

"எங்கிட்ட இருக்கற செம்பருத்தியே அக்கா குடுத்த அந்த ஒண்ணுதான் மாமா."

"உங்க அக்கா செடி எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நீங்க எப்ப வீட்டுல இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நாலு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. செடி என்ன பாவம் செய்தது என்று அதை மட்டும் பார்த்துக்கொண்டார். வெயில் ஏற ஏற, பூ வாரத்துக்கு வாரம் நிறம் கூடியது. ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் செங்கல் நிறத்தில் ஒன்று, நடுவில் அடர் சிவப்போடு. நர்சரிக்காரரிடம் ஓடினார். சில செம்பருத்திகள் குளிருக்கு ஒரு நிறம், சூட்டுக்கு ஒரு நிறம் காட்டும், இது தெரியாதா என்றார் அவர்.

மனைவிக்குத் தெரிந்திருக்கும். வருடா வருடம் பார்த்திருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லியும் இருக்கலாம்; அவருக்கு நினைவில்லை.

அன்று கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தியில் பூ சுருங்கும்வரை எழவில்லை. எழுந்ததும் மைத்துனிக்குப் போன் போட்டார்.

"அதேதாம்மா. நாந்தான் பாத்ததில்ல. மழைக்காலத்துல அக்கா பூ எப்படி இருக்கும்?"

"வந்து கேளுங்க. போன்ல அவ்வளவும் சொன்னா என் வகுப்பு என்ன ஆகறது?" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பேருந்தில் அவர் போகிறார். அன்றுதான் அவள் வீடு மாறுகிறாள். தொட்டிகளைத் தூக்க ஆள் வேண்டும்.