குறட்டை விட்ட பர்ஸியும் என் ரத்னம்மா அக்காவும்

அக்கா போய்விட்டாள். இன்று விடியற்காலை, அரக்கோணத்தில்.

அக்கா மகன்தான் போன் செய்தான். அவனுக்கே எழுபது தாண்டிவிட்டது. "சித்தி, அம்மா..." என்று ஆரம்பித்தவன் போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டான்.

ரத்னம்மா என்று பெயர். உங்களில் யாருக்கும் அவளைத் தெரிந்திருக்காது. ஆனாலும் அரக்கோணம் போகக் கார் வருகிற வரைக்கும் யாரிடமாவது அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது... எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்த அடுத்த வருடம். அக்காவுக்குக் கல்யாணமாகி, கையில் பிள்ளை. ஸ்கூலுக்காக நான் திருத்தணியில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ரயில்வே ஃபயர்மேன். அரக்கோணம் ஷெட்டில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை.

ஒரு நாள் டியூட்டி முடிந்து வரும்போது அவர் இடுப்பில் ஒரு நாய். முகம் தட்டையாக, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மடிப்பு.

அவருடைய டிரைவர் ஆங்கிலோ இந்தியர். குடும்பத்தோடு கப்பல் ஏறுகிறார், நாயைக் கொண்டுபோக முடியாது. நீயே வைத்துக்கொள் என்று பாவாவிடம் கொடுத்துவிட்டார்.

"இன்னாங்க இது, செவுத்துல மோதிகினு வந்த மாதிரி கீது?" என்றாள் அக்கா.

பெயர் பர்ஸி. தெருவில் எல்லோர் வாயிலும் அது பரசு ஆகிவிட்டது. அக்காவின் மாமனார் பெயரோ பரசுராமன், மருமகள் அதை வாயால் சொல்லக் கூடாது. அதனால் அவளுக்கு மட்டும் அது சப்பை.

குறட்டை... அதை எப்படிச் சொல்வது. ஒற்றை அறை வீடு. சப்பை படுத்த கொஞ்ச நேரத்தில் கூட்ஸ் வண்டி மேடு ஏறுவதுபோல் ஆரம்பிக்கும். நடுவில் திடீரென்று நின்றுவிடும். செத்துவிட்டதோ என்று நாங்கள் எழுந்து உட்கார்ந்தால், மறுபடி.

இன்ஜின் சத்தத்தில் ஊறிப்போன பாவா மட்டும் அசையமாட்டார். பிள்ளை அலறும், அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது.

ஆனாலும் அதற்குச் சோறு பிசைந்து வைத்ததும் அவள்தான். முக மடிப்பில் சேரும் அழுக்கைத் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். திட்டிக்கொண்டே துடைப்பாள்.

அந்தக் கத்திரி வெயிலில் பிள்ளைக்குக் காய்ச்சல். அக்கா பல நாளாகக் கண் மூடவில்லை. ஒரு மத்தியானம் பிள்ளை ஒருவழியாகத் தூங்கியது, சப்பை தொட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

அக்கா அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் முருங்கை மரத்தில் கட்டினாள். "கொஞ்ச நேரம் இங்கயே இரு, சப்பை. புள்ள தூங்கட்டும்." தண்ணீரும் வைத்தாள்.

பிள்ளை பக்கத்தில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். நானும்தான்.

எழுந்தபோது முருங்கை நிழல் வேலிப்பக்கம் போயிருந்தது. கயிறு எட்டவில்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது, நாக்கு நீலமாக வெளியே...

அக்கா கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினாள். ஒரு தடவை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அவ்வளவுதான்.

பாவா சாயங்கால வண்டியில் வந்தார். "நான்தான் கட்டனேன்," என்றாள் அக்கா. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வேலி ஓரம் குழி வெட்டினார்.

அன்று ராத்திரி வீட்டில் சத்தமே இல்லை. காலையில் கண் விழித்தால் அக்கா பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"நல்லா தூங்கிட்டேன் பாப்பா," என்றாள். "அத்த சாவடிச்சிட்டு, விடியற வரைக்கும் நல்லா தூங்கிட்டேன்."

அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவாவால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமல் சொன்னார்.

"அதுக்கு வெயிலு ஆவாதுன்னு சொல்லித்தான் தொரை குட்த்தாரு. வெயில்ல வுட்டா மூச்சு வுட முடியாம பூடும்னாரு. நான்தான் உன்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வூட்ல சேத்திருக்க மாட்டியே."

அக்கா குழம்புச் சட்டியை அருகே இழுத்தாள். "ஆங்... சேத்திருக்க மாட்டேன்," என்றாள். பிறகு அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டாள்.

இந்தக் கதையை அக்கா வாழ்நாள் முழுக்கச் சொன்னாள். மருமகள்களிடம், பேரப்பிள்ளைகளிடம், வாடகைக்கு வந்தவர்களிடம்கூட. ஆனால் "நான்தான் கட்டனேன்" என்பதோடு நிறுத்திவிடுவாள். பாவா சொன்னது அதில் வராது.

பாவா காலமான பிறகு ஒரு தடவை கேட்டேன். "அவர் சொன்னதையும் சொல்லேன்க்கா. எல்லாத்தையும் நீயே ஏன் தலையில போட்டுக்கிற?"

"அவுரு ஆசையா இட்டுகினு வந்தாரு பாப்பா," என்றாள். "கட்டனது என் கைதானே."

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், ட்ரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸிடம் அதே கதை. அதே இடத்தில் நிறுத்தினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

இப்போது இரண்டு பேரும் இல்லை. அதனால் மீதியையும் எழுதிவிட்டேன். அவளுக்குப் பிடிக்காது, தெரியும்.

கீழே கார் ஹாரன் அடிக்கிறது. நான் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

வந்துகொண்டே இருக்கிறேன் அக்கா.