களத்தில் சொல்லக் கூடாத சொல்

சவளக்கடைக் களத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பொட்டணி. மேற்கிலிருந்து கச்சான் காற்று முதுகில் அடித்தது. சட்டைக்குள் ஒட்டியிருந்த வைக்கோல் தூசி வியர்வையில் அரித்தது. எனக்குப் பின்னால் பத்துப் பாகம் தூரம் தள்ளி இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். அன்று காலைக்கு முன்பு அவரை நான் கண்டதில்லை. அவருடைய வேலை போனதில் எனக்கும் பங்கு இருந்தது. அதனால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்து வாய்க்கால் ஓரங்களில் கொட்டில் போட்டிருந்தார்கள். அவரும் மனைவியோடும் கைப்பிள்ளையோடும் அப்படி வந்தவர்தான். சிறுபோக வெள்ளாமை வெட்டி, களத்தில் சூடடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல். வயலின் சொந்தக்காரரான போடியாருக்காக வயலைப் பார்த்து ஆள் பிடிக்கிற முல்லைக்காரர் காலையில் இவரைக் கூட்டிவந்து, "கடைசி மட்டுக்கும் நிக்கட்டும்" என்றார். பன்னிரண்டு நாள் வேலை இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளுக்காக ஒரு மாதமாகக் களம் களமாகக் கேட்டுத் திரிந்ததாக அவர் சொன்னார்.

எங்களில் தூற்றுகிறவர் ஒரு கல்முனைக்குடிக்காரர். எனக்கு மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் திரிந்த நாளில் என்னைக் களத்து வேலைக்குக் கூட்டிப்போனவர். காற்றறிந்து தூற்ற அவரை விட்டால் ஆள் இல்லை. புது ஆளைக் கண்டதுமே அவர் தொடங்கிவிட்டார்.

"தோட்டக்காட்டான எல்லாம் களத்துக்குள்ள எடுத்தா வெளங்குமா? கொழுந்து கிள்ளின கைக்கு வெள்ளாமை என்னத்தத் தெரியும்?"

"கை ரெண்டும் இரிக்கிதானே" என்றார் முல்லைக்காரர்.

"இண்டைக்கு ஒருத்தன். நாளைக்கு லொறியில வருவானுகள், அரைக் கூலிக்கு நிப்பானுகள். நாம கடல் மண்ணத் திங்கிறதா?"

அந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் சொன்னார். அவர் கேளாதவர் போல் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார். காக்காவின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் மாடு மிதித்த களத்துக்கு உழவு மெசின் வந்து பாதிப் பேரின் வேலையைத் தின்றபோது, மெசினை ஒருவரும் வரத்தான், வெளியூரான் என்று ஏசவில்லை.

களத்தில் சில சொற்கள் வாயில் வரக் கூடாது. நெல்லைப் பொலி என்று சொல்ல வேண்டும். இல்லை, முடிந்தது, தீர்ந்தது என்பவை ஆகவே ஆகாது. அதற்கெல்லாம் நிறைந்தது என்று சொல்ல வேண்டும். பிசகினால் பூதம் கேட்டுக்கொண்டிருந்து பொலியை அள்ளிப் போய்விடும் என்பார்கள். தொழுது ஓதுகிற நாங்கள் அதை நம்பினோமோ என்னவோ. ஒருவரும் வேண்டுமென்று சொல்லிப் பார்த்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

புது ஆளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்படி முல்லைக்காரர் சொன்னது என்னிடம். "நெல்லு எண்டு சொல்லப்படாது அண்ணன், பொலி எண்டுதான் சொல்லணும்" என்றேன். "ஆகட்டும் தம்பி" என்றார். மீதியைத் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

பதினொரு மணி போல அவர் தன் பக்கத்துக் குவியலைச் சாக்கில் கட்டிவிட்டு, நல்ல பேர் எடுக்கிற ஆசையில் உரத்துச் சொன்னார்: "இந்தப் பக்கம் பொலி தீந்து போச்சுங்க!"

நான் சொல்லிக்கொடுத்த சொல்லை அவர் சரியாகவே சொன்னார். சொல்லிக்கொடுக்காத சொல் அதன் பின்னால் வந்து நின்றது.

காக்கா தூற்றுவதை நிறுத்தினார். "கேட்டீங்களா வரத்தான்ட வாய? போடியார்ட களத்தில நிண்டு தீந்து போச்சாம்!"

"காக்கா, நான்தான் சொல்லிக் குடுக்கல்ல. பிழை என்ட."

"நீ சும்மா இரிடா. இது சொல்லிக் குடுத்து வாறதில்ல. ஊர்ல பொறக்கணும்."

"நாம இந்த ஊர்லயா பொறந்த? நாமளும் ஆத்தக் கடந்து வந்த ஆக்கள்தானே."

"நாம தோணியில வந்தம், வேல முடிஞ்சா தோணியில ஊட்ட போயிருவம். அவன் எங்க போற? இஞ்சயேதான் கிடப்பான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். காக்காவே 'முடிஞ்சா' என்று சொல்லிவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கும் வழியில்தான் உறைத்தது. அந்த நேரம் வேறொன்று வாயில் வந்தது.

"வரிப்பத்தான்சேனைக் களத்தில முதல் வருசம், நெல்லு முடிஞ்சா ஊட்ட போவமா எண்டு கேட்டவன் நான். நீங்க சிரிச்சிப்போட்டு என்ட தலையில ஒரு குட்டு வெச்சீங்க. அவ்வளவுதான். என்ட வாயில வந்தா நாக்குப் பிசகு, இவர்ட வாயில வந்தா பொறந்த ஊருட குத்தமா?"

காக்கா சுளகில் ஒட்டியிருந்த பதரைத் தட்டினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு முல்லைக்காரரிடம் சொன்னார்: "அவன் நிண்டா நான் தூத்தமாட்டன்."

காற்று அப்போது நன்றாக வீசிக்கொண்டிருந்தது. தூற்றுகிறவரை விட்டுவிட்டுச் சாக்குத் தூக்குகிறவரை வைத்துக்கொள்ள எந்த முல்லைக்காரரும் சம்மதிக்கமாட்டார். அந்த மனிதர் "சரிங்க முதலாளி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நானும் பொட்டணியை எடுத்தேன். நியாயத்துக்காகப் போனேன் என்று எழுதினால் பொய். பின்னேரம் வரை அங்கே நின்று காக்காவின் முகத்தைப் பார்ப்பது அலுப்பாக இருந்தது. எந்த இடத்தையும் விட்டுப் போவது எனக்கு லேசு. அவருக்கு அப்படியில்லை.

கிட்டங்கித் துறையில் தோணிக்குக் காத்திருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். வழியில் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "வேலை போச்சுன்னு அவகிட்ட சொல்லல. வேற வேலைக்குப் போறேன், நாளைக்கு வந்துருவேன்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு கேட்டார்: "நான் என்னா தம்பி தப்பாச் சொன்னேன்?"

காலையில் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க தோட்டத்துல கணக்கப்பிள்ளை தெனமும் இல்லை, முடிஞ்சுதுன்னுதான் சொல்லுவாரு. அதான் எங்களுக்கு எல்லாம் தீந்து போச்சோ என்னமோ."

அவரையும் கூட்டிக்கொண்டு தோணியேறினேன். கல்முனைக்குடியில் என் மூத்த சகோதரி, ராத்தா, இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். யார், எவர் என்று கேட்கவில்லை. மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குப் பொறுப்பான தண்டேல் என்னை அறிந்தவர்.

"இது ஆரு?"

"என்னோட வந்த ஆள்."

"எந்த ஊர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "இப்போதைக்கு ஊருன்னு எதுவும் கெடையாதுங்க. கயிறு இழுப்பேன். அதுக்கு முந்தி, இங்க என்னென்ன சொல்லப்படாதுன்னு சொல்லிருங்க."

கயிற்றருகே நின்றவர்கள் சிரித்தார்கள். தண்டேல் சிரிக்கவில்லை. அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார்.

"வலை கரைக்கு வர முந்தி எவ்வளவு மீன் எண்டு கேக்கப்படாது. மத்ததெல்லாம் கதைக்கலாம். புடி கயித்த."

எத்தனை நாளுக்கு வேலை என்று தண்டேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த மனிதர் கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் நான் பிடித்தேன்.