கண்ணாடி இல்லாமல் கிண்டிக் காடு

அடையாறில் குடியேறியதிலிருந்து கிண்டிக் காட்டின் மதிலை ஒட்டித்தான் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். உள்ளே போக ஒருநாளும் தோன்றியதில்லை. ஓய்வு பெற்ற கையோடு என் கணவருக்குத்தான் அந்த ஆசை வந்தது. அனுமதி வாங்கினார், தொப்பி வாங்கினார். ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மழை ஓய்ந்து காடு பச்சையாக இருந்தது. தின்பண்டத்தை வெளியே எடுக்கவே கூடாது என்று கூட வந்த வனக்காவலர் வாசலிலேயே சொல்லிவிட்டார். இவரும் பெரிதாகத் தலையாட்டினார். ஆலமரத்தடிக்கு வந்ததும் பையைத் திறந்து தட்டைப் பொட்டலத்தை எடுத்தார்.

"பைய மூடு சார், மேல கொரங்கு பாத்துக்கினு கீது," என்றார் காவலர்.

அதற்குள் ஒன்று இறங்கிவிட்டது. இவர் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். அது தோளில் ஏறி, தட்டையை விட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு உச்சிக் கிளைக்குப் போய்விட்டது. காவலர் கெஞ்சியும் பார்த்தார், குச்சியால் தட்டியும் பார்த்தார். அது பாட்டுக்குக் கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

திரும்பிவிடலாம் என்றேன். கேட்டால்தானே. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா தூணா என்றுகூட இவருக்குத் தெரியாது. "நீ பார்த்துச் சொல்லு," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

புதர் என்றேன். என்ன புதர் என்றார். காவலரைக் கேட்டுக் களா, காரை, இலந்தை என்று ஒப்பித்தேன். குளம் என்றேன். தண்ணீர் என்ன நிறம் என்றார். பாசிப் பச்சை, ஓரத்தில் கொக்குகள் என்று சொல்லும்போது தலைக்கு மேல் விமானம் இரைந்தது. காதில் விழவில்லை, மறுபடி சொல்லு என்றார். இதற்கு நடுவே இலந்தை முள் என் புடவையைக் கிழித்தது. எனக்கு வந்த எரிச்சலில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

புல்வெளி திறந்த இடத்தில் காவலர் சத்தமில்லாமல் கை காட்டினார். வெளிமான். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட கொம்பு. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னது, என்னது?" என்று இவர் கையை உலுக்கினார்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

பேசாமல் இருந்தார். மான் திரும்பி, துள்ளித் துள்ளிப் புதருக்குள் மறைந்த பிறகுதான் சொன்னேன்.

அன்று மாலை மயிலாப்பூரிலிருந்து இவர் தங்கை போன் செய்தாள். மானின் கொம்பு, நிறம், நின்ற நிலை எல்லாவற்றையும் கண்ணால் கண்டதுபோல விவரித்தார். ரெண்டு ஆள் உயரம் தாண்டியதாம். அவ்வளவெல்லாம் இல்லை என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ சரியாப் பார்க்கல," என்றார்.