ஸ்டெல்லா டீச்சருக்குப் பார்த்த வீடு

வீட்டு புரோக்கர் வேலையிலேயே எனக்கு முடி நரைத்துவிட்டது. தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தத் தெருவில் செயின் அறுப்பான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், "சேஃப்பான ஏரியா எது அக்கா?" என்று கேட்கும்போது எனக்கு ஸ்டெல்லா டீச்சர் ஞாபகம் வந்துவிடும்.

1. மேட்டு வீடு

டீச்சர் குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அவரும் மாமியாரும்தான். மாமியாருக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. இருந்த வீட்டை ஓனர் இடிக்கப் போகிறார் என்று என்னிடம் வந்தார்.

"அக்கா, மழைக்குத் தண்ணி வரக்கூடாது. கிரவுண்ட் ஃப்ளோரா இருக்கணும், அத்தையை மாடி ஏத்த முடியாது. வாடகை என் சம்பளத்துக்குள்ள இருக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! இந்த மூன்றும் சேர்ந்த வீடு எங்கள் பக்கம் குதிரைக்கொம்பு. மேட்டுப் பகுதியில் வாடகை கழுத்தைப் பிடிக்கும். வாடகை குறைந்தால் அது ஏரியை ஒட்டிய பள்ளமாக இருக்கும். ஆனாலும் நாயாய் அலைந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒன்றைப் பிடித்தேன். கீழ் போர்ஷன், நல்ல மேடு. மாடியில் ஓனர், ரிடையர் ஆன ஆபீசர்.

டீச்சரை அவருக்குப் பிடித்துவிட்டது. "எங்களுக்கு சர்ச், கோயில் வித்தியாசமெல்லாம் கிடையாதும்மா" என்றார். அட்வான்ஸ் பேசும் நேரத்தில், "வீட்ல வேற யாரு?" என்று கேட்டார்.

படுக்கையில் இருப்பவர்களைப் பற்றி ஓனரிடம் வாயைத் திறக்காதே என்பது எங்கள் தொழில் பாடம். வீட்டில் சாவு விழுந்தால் மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும், அப்புறம் குடித்தனம் வராது என்று ஓனர்களுக்குக் கிலி. இதை டீச்சரிடம் முன்பே சொல்லித்தான் கூட்டிப் போனேன். ஆனாலும் டீச்சர் பொய் சொல்லவில்லை, அத்தை படுக்கையில் இருப்பதைச் சொல்லிவிட்டார்.

ஓனர் முகம் மாறிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா... நாங்களும் மேலயே குடியிருக்கோம் பாருங்க."

வெளியே வந்து டீச்சர் என் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

2. பள்ளத்து வீடு

கடைசியில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு தெருவில் கீழ் போர்ஷன் கிடைத்தது. அதன் ஓனர் வெளியூர், யாரையும் எதுவும் கேட்க மாட்டார். காரணம் எனக்குத் தெரியும். மறைக்காமல் சொன்னேன். "டீச்சர், பெரிய மழைன்னா இங்க தண்ணி உள்ள வரும்."

"தெரியுதுக்கா. வேற எங்க போறது, நீங்களே சொல்லுங்க."

மறுநாளே சாவி வாங்கிக் கொடுத்தேன்.

மாடியில் லேத் பட்டறைக்காரர் குடும்பம். அவர் மனைவி லட்சுமி. மகளுக்கு நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்துக் கூடத்தில் வைத்திருந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, விடிந்து பார்த்தால் தெரு முழுக்கத் தண்ணீர். கட்டில் காலுக்கு மேல் ஏறியதும் டீச்சர் எனக்குப் போன் செய்தார். நான் கிளம்பினேன், கேம்ப் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. போனில் டீச்சர் குரலுக்குப் பின்னால் லட்சுமி சத்தம் போடுவது கேட்டது. "இன்னா டீச்சர் போன் பேசிகினு கீறே! கெளவிய புடி, தூக்கு! மேல கூடத்துல பாய் போட்டுகீறேன்!"

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். நனைந்த உடம்பு, குளிர் தாங்கவில்லை. மத்தியானம் அந்தக் கூடத்திலேயே, கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பக்கத்தில், மாமியார் உயிர் பிரிந்தது. தண்ணீரில் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. படகு வரும்வரை உடல் அங்கேதான் இருந்தது. டீச்சர் ஜெபம் சொல்ல, லட்சுமி தலைமாட்டில் விளக்கேற்றி வைத்தார்.

தண்ணீர் வடிந்ததும் போனேன். டீச்சர் லட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று.

"வுடு டீச்சர். கெளவி தண்ணில சாவல, பாய்ல படுத்துகினு தான் போச்சு. அத்த நெனச்சுக்கோ" என்றார் லட்சுமி.

அதே வாரம் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர் போன் செய்தார். "வீடு இன்னும் காலியாதாம்மா இருக்கு. எங்க தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. நல்ல ஃபேமிலியா பாருங்க." "பாக்கறேன் சார்" என்று வைத்துவிட்டேன். என் பிழைப்பு அது.

இப்போதெல்லாம் வீடு காட்டப் போனால் தெருவின் மேடு பள்ளத்தோடு, மாடியில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கிறேன். வாடகைக்கு வருகிறவர்களை மேலே அனுப்பிப் பேசிவிட்டு வரச் சொல்கிறேன்.

போன மாதம் சேலையூரில் மேடான இடத்தில் ஒரு வீடு வந்தது. இனி டீச்சரை எந்த ஓனரும் மறுக்கப் போவதில்லை. போன் செய்தேன்.

"வேணாம்க்கா. இங்க மேல லட்சுமி இருக்காங்க" என்றார்.