ரெஜினா சிஸ்டரும் கன்றுக்குட்டி வாய்க்கூடையும்

ரெஜினா சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் நின்று, முன்னால் புகுந்த ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய அக்கா மகள் ஸ்டெல்லா. "அங்கிள், சித்தி காலையில தூக்கத்துலயே போயிட்டாங்க. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்" என்றது அந்தப் பெண். சண்டையை விட்டுவிட்டு, அரிசியையும் விட்டுவிட்டு, வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஓசூரில் நம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர் யார் இருக்கிறோம்? கேன்டீனுக்குப் பக்கத்தில் அந்த முதலுதவி அறை, பச்சைத் திரை, டிஞ்சர் வாசனை, உள்ளே ஒல்லியாக அவர். விரலை மெஷினில் கொடுத்தவனும் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவனும் அங்கேதான் ஓடுவோம். எல்லோருக்கும் ஒரே வசனம்தான்: "பயப்படுங்க, பரவால்ல. கைய மட்டும் ஆட்டாதீங்க." பயப்படாதே என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. டைம் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நிமிடத் தாமதத்துக்கு உங்களையெல்லாம் உருட்டி மிரட்டிய நான், ஒரு ஸ்டேப்ளர் பின் குத்தியதற்கு ஊசி போட்டுக்கொள்ள அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அதை அவர் வெளியே சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நாள் தெரியாது.

அவருடைய நாயை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெங்களூருக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி பங்களாவில் கட்டிப்போட்டுவிட்டுப் போன டாபர்மேன். கறுப்பு உடம்பு, புருவத்தில் இரண்டு காவிப் பொட்டு, நின்றால் என் இடுப்புக்கு வரும். சிஸ்டர் அதை அவிழ்த்துக் கூட்டிவந்து மணி என்று பெயர் வைத்தார். அந்த மூஞ்சிக்கு மணியாம். டாபர்மேனுக்கு மூளை வளர்ந்துகொண்டே போகும், மண்டை ஓடு போதாது, ஒருநாள் கிறுக்குப் பிடித்து வளர்த்தவரையே குதறிவிடும் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. நானும் சேர்ந்துதான் பேசினேன். எட்டு வயதில் தெருநாய் கடித்துத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி வாங்கிய வயிறு இது. குரைப்புச் சத்தம் கேட்டாலே அது தானாகச் சுருங்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூஜை. பூஜை முடிந்து சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுமுறை. என் மனைவி சரோஜாவும் சிஸ்டரும் ஒரே லைன் வீட்டுக்காரர்கள், நல்ல சிநேகிதம். இருவரும் சேர்ந்து ஒகேனக்கல் போக வேன் பேசிவிட்டார்கள். மணியும் வருகிறது என்பது எனக்குக் கடைசியில்தான் சொல்லப்பட்டது. "வேற யார் வச்சாலும் சாப்பிடாது சார். போன தடவை விட்டுட்டுப் போய் மூணு நாள் பட்டினி கிடந்துச்சு. அதுக்கப்புறம் நான் எங்கயும் போகல" என்றார் சிஸ்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் என்று அன்று நினைத்தேன். பயம்தான்.

வாயைக் கட்டினால் வருகிறேன், இல்லாவிட்டால் நானும் என் மகளும் வீட்டிலேயே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். நாய்க்குப் போடும் தோல் மூடி ஓசூரில் அப்போது எங்கே கிடைக்கும்? கயிற்றுக் கடைக்குப் போய், கன்றுக்குட்டி பால் குடிக்காமலிருக்க மாட்டுகிற வாய்க்கூடை ஒன்றை வாங்கிவந்தேன். சிஸ்டர் கட்டினால் தளர்வாகத்தான் கட்டுவார் என்று சந்தேகம் வேறு. அவர் மணியின் தலையை அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து கண்ணை அரை மூடிக்கொண்டு கட்டினேன். மூன்று முடிச்சு. "ரொம்ப இறுக்காதீங்க சார், அது வாயாலதான் சூட்டை விடும்" என்றார். கேட்டேனா?

கெலமங்கலம் தாண்டும்வரை மணி சீட்டுக்கடியில் அசையாமல் படுத்திருந்தது. ராயக்கோட்டை வருவதற்குள் அதற்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வாய் திறக்க முடியாமல் எச்சில் நுரைத்து, கூடையின் கயிற்று இடுக்கெல்லாம் வெள்ளையாக வழிந்தது. சிஸ்டர் அவிழ்க்கலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் மகள் கவிதாவை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தத் திரும்பலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ராயக்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேன் சூடாகி நின்றது. டிரைவர் முனிரத்தினம் தண்ணீர் பிடிக்கப் பக்கத்துக் கிணற்றுக்குப் போனார். சிஸ்டர் மணியைச் சங்கிலியோடு புளியமர நிழலில் இறக்கினார். தள்ளாடி இறங்கிய நாயின் வாயில் நுரை. ஓரத்துத் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கத்தினார். மறுநிமிடம் மண்வெட்டியும் கட்டையுமாகப் பத்துப் பேர் வந்து சுற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் மேல் தப்பே இல்லை. இரண்டு வாரம் முன்னால் ஒரு வெறிநாய் கடித்து அந்த ஊரில் ஒரு பசு செத்திருந்தது. கடிபட்ட ஆள் ஒருவர் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து மணியின் தொடையில் பட்டது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிஸ்டரின் காலோடு ஒட்டிக்கொண்டது.

"வெறியில்லீங்க, ஊசி போட்ட நாய்" என்று சிஸ்டர் கைப்பையிலிருந்து தடுப்பூசிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் அதை வாங்கவில்லை. "சீட்டு நாய்க்குத் தெரியுமாம்மா? நீங்க நவுருங்க."

"தண்ணி குடுங்க, குடிக்கும். வெறி புடிச்சா தண்ணி குடிக்காதில்ல? பாருங்க" என்று குனிந்து கூடையில் கை வைத்தார் சிஸ்டர்.

"அவுக்காத" என்று நாலைந்து கட்டைகள் ஓங்கின. "நீ வளத்தவ. உன்னயக் கடிக்காது. அவுத்துட்டு எங்க மேல விட்டுருவ."

பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "கடிக்காத நாய்னா ஏம்மா வாயக் கட்டிக் கொண்டாந்தீங்க? கன்னுக்குட்டிக் கூடைய நாய்க்குப் போட்டு நான் பாத்ததே இல்ல."

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர். சரோஜா என்னைப் பார்த்தாள். சிஸ்டர் என் பக்கம் பார்க்கவே இல்லை. "வண்டில போறப்ப கட்டுறது பழக்கங்க" என்று சொல்லி வைத்தார். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத அந்தப் பொய்யை ஒருவரும் நம்பவில்லை. "பேச்சென்ன, போடுங்கடா" என்றது ஒரு குரல். சிஸ்டர் மண்ணில் உட்கார்ந்து நாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். என் மகள் அழ ஆரம்பித்தாள்.

"நான்தாங்க கட்டச் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "எனக்கு நாய்னா பயம். இது யாரையும் ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் பயம்."

யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீயே அவுரு. வளத்தவங்க வேணாம். பயந்தவன் அவுத்து அது சும்மா இருந்தா, நாங்க ஒத்துக்கறோம்."

எட்டு அடி தூரம்தான். ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு நடந்தேன். வயிற்றில் பதினான்கு ஊசியும் ஒன்றாகக் குத்தியதுபோல் இருந்தது. மணியின் பின்னால் மண்டியிட்டபோதுதான் பார்த்தேன், அதன் காலும் நடுங்கிக்கொண்டிருந்தது. முடிச்சில் விரல் வைத்தேன். எச்சிலில் நனைந்து கயிறு கல்லாக இறுகியிருந்தது. நகம் பெயர்ந்ததே தவிர முடிச்சு வரவில்லை. கட்டைகள் தலைக்கு மேலே அப்படியே நின்றன. என் கை ஆட ஆட, நாய் முறுக்கிக்கொண்டது. தொண்டையிலிருந்து சின்னதாக ஓர் உறுமல் வந்தது. அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போது சிஸ்டர், முதலுதவி அறையில் சொல்கிற அதே சாதாரணக் குரலில் சொன்னார்: "பயப்படுங்க சார், பரவால்ல. கைய மட்டும் ஆட்டாதீங்க."

கையை நிறுத்தினேன். எப்படி என்று கேட்காதீர்கள். விரலுக்கு வராத முடிச்சை, அதன் கழுத்தில் முகத்தை வைத்துப் பல்லால் கடித்து இழுத்தேன். ஈர ரோமமும் கயிறும் வாயில் உப்புக் கரித்தன. மணி மூச்சைக்கூட விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கூடை கழன்று விழுந்தது. நாய் திரும்பி, என் மூஞ்சிக்கு நேராக வாயை முழுக்கத் திறந்தது. அத்தனை பல்லையும் பார்த்தேன். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது.

முனிரத்தினம் குடத்தோடு ஓடிவந்தார். ரேடியேட்டருக்குக் கொண்டுவந்த தண்ணீரை மணி சளக் சளக்கென்று பாதிக் குடம் குடித்தது. தக்காளி பறித்த பெண் இன்னொரு குடம் கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போனார். பெரியவர் கட்டையைக் கீழே போட்டார். "பட்டணத்து ஆளுங்க" என்று மட்டும் சொன்னார். அது எனக்குச் சரியான திட்டுதான்.

ஒகேனக்கல்லில் எல்லோரும் பரிசலில் ஏறினார்கள். மணி ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. நானும் ஏறவில்லை. எனக்குத் தண்ணீரும் பயம், சொல்லவில்லையா? சிஸ்டர் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கங்க" என்று பரிசலில் போய்விட்டார். ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். வாய்க்கூடை பற்றி அன்றைக்கோ, பிறகு வந்த இத்தனை வருடத்திலோ சிஸ்டர் ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த பண்டிகை என்று தள்ளிப் போட்டே போய்விட்டது. மணியும் வயதாகி, அவர் வீட்டுக் கொல்லையிலேயே போய்ச் சேர்ந்தது.

என் நாய் பயம் போகவில்லை, இன்றும் தெருநாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவன்தான். சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம். மகள் பிரசவத்தின்போதும், சரோஜாவுக்கு ஆபரேஷன் நடந்த அறை வாசலிலும், அவள் போன அன்றும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். செய்தி வந்த மறுநாள் மூன்று மணிக்கு, கல்லறையில் ஸ்டெல்லா என்னைக் குழிக்குப் பக்கத்தில் அழைத்து, "மண்ணு போடுங்க அங்கிள்" என்றது. குனிந்து ஒரு பிடி அள்ளினேன். கை ஆடியது. நிற்கவே இல்லை. எப்போதும் சொல்கிறவர் கீழே படுத்திருந்தார்.