ஒன்பது புள்ளி எட்டு

இயற்பியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஒன்பது எட்டு’. புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊசல் ஆடவிட்ட எந்தப் பிள்ளைக்கும் அந்த விடை தப்பியதில்லை. நூல் தொய்ந்திருக்கும், குண்டு கோணலாக ஆடும், ஸ்டாப்வாட்ச் பாதியில் படுத்துவிடும். விடை மட்டும் டாண் என்று வந்து நிற்கும். ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் விடையை எழுதிக்கொள்வது, பிறகு பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவீடுகளை நிரப்புவது. "எல்லாரும் ஒரே மாதிரி எழுதித் தொலைக்காதீங்க. ஒருத்தி ஒன்பது புள்ளி ஏழு எட்டுன்னா இன்னொருத்தி ஒன்பது புள்ளி எட்டு ஒண்ணு. பாக்கறவங்க நம்பற மாதிரி இருக்கணும்" என்பது செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் அவர் வழக்கமாகச் செய்யும் உபதேசம். அதை ஏமாற்று வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் மனுஷி பதறிப்போயிருப்பார். பிள்ளைகளுக்கு மதிப்பெண் போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

அந்தக் கோடையில் அறிவியல் ஆசிரியர்களுக்கு நான்கு வாரம் இணையவழிப் பயிற்சி என்று ஆணை வந்தது. விடுமுறை போச்சே என்று புலம்பியபடி டீச்சர் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து, அது முகத்துக்கு நேராக வர அடியில் மாவு டப்பாவை முட்டுக்கொடுத்தார். திரையில் நாற்பத்தோரு ஆசிரியர்கள். ஒருவருக்கு நெற்றி மட்டும் தெரிந்தது, ஒருவருக்கு மின்விசிறி மட்டும். ஒலியை நிறுத்த மறந்த ஓர் உயிரியல் சார் கேஸ் தீர்ந்த கதையை வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தார். பயிற்சி நடத்திய அம்மாவுக்கு நாள் முழுக்க மூக்கடைப்பு.

அதே வாரத்தில் டீச்சரின் கணவருக்கும் ஒரு தலைவலி. அவர் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர். மத்தியானம் சாப்பிட வந்தவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"புதுசா வந்த பொண்ணு ஒரு காரியம் பண்ணிட்டா. தினம் காலையில ஒரு பாட்டில் போட்டு மெஷினை சரி பாப்போம்ல? அதுல சர்க்கரை நூறுன்னு பெட்டியிலயே போட்டிருக்கும். மெஷினும் நூறை ஒட்டிக் காட்டணும். இவ ஒன்பது நாளா பாட்டிலையே தொடல. நூறு, தொண்ணூத்தொன்பது, நூத்தியொண்ணுன்னு அழகா மாத்தி மாத்தி எழுதி வெச்சிருக்கா. மெஷின் முப்பது கூட்டிக் காட்டிட்டிருக்கு. ஒரு பெரியவருக்கு ஊசி மருந்தைக் கூட்டப் போனாங்க. நல்ல வேளை, டாக்டருக்குச் சந்தேகம் வந்துது."

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. "உசிரோட விளையாடற வேலை! அடுத்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்புங்க."

"மாசக் கடைசிக்குள்ள நான் அறிக்கை எழுதணும். நான் எழுதறதுதான் முடிவு. ரெண்டு தங்கச்சிங்க அவளுக்கு" என்றவர், வேறு ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் சோற்றைப் பிசைந்தார்.

அவர் கை கழுவிவிட்டுக் கிளம்புவதற்குள் டீச்சர் பயிற்சியின் மூன்றாவது பணியை முடித்தார். வீட்டிலேயே ஓர் ஊசல் கட்டி, ஐந்து முறை நேரம் பார்த்து, முடுக்கத்தைக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். நூலும் தேடவில்லை, குண்டுக்குப் பதிலாகக் கட்ட ஒரு பூட்டும் தேடவில்லை. கை பழகிய வேலை. ஆறு நிமிஷத்தில் ஐந்து அளவீடுகளும் பிறந்துவிட்டன.

மறுநாள் மூக்கடைப்பு அம்மா எல்லாருடைய விடைகளையும் ஒரே படமாகத் திரையில் போட்டார். நாற்பத்தோரு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஈ மொய்த்தது மாதிரி இருந்தன.

"ரொம்ப அழகா இருக்கு. நான் எங்க வீட்ல நாலு நாள் பண்ணேன். ஒரு தடவைகூட எனக்கு இவ்வளவு அழகா வரல" என்றார். குரலில் கோபமே இல்லை. நெற்றி சார் நெற்றியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"அடுத்த பணி. உங்க வீட்டு டம்ளர்ல கொதிக்கிற தண்ணியை ஊத்தி, நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலை பாருங்க. இருபது நிமிஷம். உங்க டம்ளர், உங்க ரூம். இதுக்கு என்கிட்டயும் விடை கிடையாது."

குழு அரட்டையில் ஒரே களேபரம். ‘மேடம், மாதிரி விடை அனுப்பவும்.’ ‘மேடம், தோராயமாகவாவது சொல்லவும்.’ ‘டம்ளர் என்றால் எந்த டம்ளர்?’ டீச்சரும் ‘எவ்வளவு வர வேண்டும்?’ என்று தட்டினார். தட்டி முடித்ததும் அந்தக் கேள்வி அவருக்கே விநோதமாகப் பட்டது. தெரியாததால்தானே அளக்கச் சொல்கிறார்கள்? பின்னாலிருந்து போவதற்கு முதலில் பின்னால் ஏதாவது இருக்க வேண்டுமே.

கணவரிடம் சொல்லி நீள வெப்பமானி ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எவர்சில்வர் டம்ளர், மேலே மின்விசிறி, கையில் பென்சில். எண்பத்திரண்டு. எழுபத்தெட்டு. எழுபத்து நான்கு. அட, இறங்குகிறதே! இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த எண் என்னவென்று தெரியாமல் ஓர் அளவீட்டுக்காக அவர் காத்திருந்து பல வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, அறுபத்தைந்து. ஏழாவது நிமிஷத்தில் தண்ணீர் முரண்டு பிடித்தது. அறுபத்து நான்கு. பிறகு அறுபத்து மூன்று. அதற்குப் பிறகு ஒரு கோடு இறங்குவதற்கே ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது.

வரைபடம் போட்டால் கோடு நடுவில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. டீச்சரின் பென்சில் தன்னால் திரும்பி, ஏழாவது நிமிஷத்தை அறுபத்திரண்டாகவும் அடுத்ததை அறுபதாகவும் மாற்றப் போனது.

"ஏன் அதை மாத்தறே?" பக்கத்தில் வந்து நின்ற கணவர் கேட்டார்.

"சரியா வரலைங்க. வளைவு வழுவழுன்னு இறங்கணும்."

"தண்ணி இறங்கலையே."

"நான் ஏதாவது தப்பாப் பாத்திருப்பேன். இப்படியே அனுப்பினா சிரிப்பாங்க."

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட ஏம்மா இப்படி எழுதினேன்னு கேட்டேன். வர வேண்டியது நூறுதானே சார், அதை எழுதறதுதானே முறை, ஸ்கூல்ல அப்படித்தானே பண்ணுவோம்னா. அழக்கூட இல்ல. நிஜமாவே தப்புன்னு தெரியாமதான் பேசறா."

"எந்த ஸ்கூலு?"

அவர் மேஜை விரிப்பை நீவினார்.

"எங்க ஸ்கூலா?"

"உன் கிளாஸ். ஏழு வருஷம் முன்னாடி."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"அடுத்த நிமிஷமே அனுப்புன்னு குதிச்சே. எங்க சொல்றது?"

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. அவமானம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம். எழுந்துபோய் அடுப்படியில் நின்று, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார். ஏழு வருஷம் முன்பு என்றால் எந்த முகம்? ஒரு வகுப்புக்கு ஐம்பது பேர். அத்தனை பேரும் இப்போது எங்கெங்கே எதையெதை அளந்துகொண்டிருக்கிறார்களோ!

ஆனால் அந்த ஏழாவது நிமிஷம் விடுவதாக இல்லை. வெட்கம் ஒரு பக்கம் இருக்க, ஏன் நின்றது, ஏன் நின்றது என்று மூளை நச்சரித்தது. மறுநாள் காலை திரும்பவும் தண்ணீர் வைத்தார். இந்த முறை கோடு மடங்காமல் இறங்கியது. மூன்றாம் முறையும் அப்படியே. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்தது என்ன? நேரம் பத்து ஏழு. கணவர் குளித்துவிட்டு வந்த நேரம். அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் என்ன செய்வார்?

"ஏங்க! அன்னைக்கு நீங்க ஃபேனை நிறுத்தினீங்களா?"

"யாரும் கீழ உக்காராத ஃபேன் எதுக்கு ஓடணும்?" என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

"நான் உக்காந்திருந்தேனே!"

"நீ டம்ளருக்குள்ள இருந்தே."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விசிறியைப் போட்டு ஒரு தடவை, நிறுத்தி ஒரு தடவை, நடுவில் நிறுத்தி ஒரு தடவை. அதே முழங்கை, அதே இடத்தில்! தண்ணீர் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர் விசிறியை நிறுத்தியதை நேரத்தோடு அது எழுதி வைத்திருந்தது. அதைத்தான் தன் பென்சில் அழிக்கப் பார்த்தது.

அன்றைக்கே அலமாரிப் பூட்டைத் தையல் நூலில் கட்டி வாசல் நிலையின் மேல்சட்டத்து ஆணியில் தொங்கவிட்டார். வந்தது ஒன்பது புள்ளி ஐந்து. முன்பென்றால் அதை அப்போதே ஒன்பது எட்டாக்கியிருப்பார். இப்போது ‘ஓகோ’ என்று இடுப்பில் கைவைத்து நின்றார். முடிச்சு வரைக்கும்தான் நூலை அளந்திருக்கிறார், ஆடுவதோ பூட்டும் சேர்ந்தல்லவா? பூட்டின் நடுவரைக்கும் அளந்ததும் ஒன்பது புள்ளி ஏழு நான்கு. மிச்சம் கொஞ்சம் எங்கே போனது என்று மாலை வரைக்கும் பூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேலைக்காரப் பெண் அந்தப் பக்கம் வரவே பயந்தாள்.

கடைசி அமர்வில் டீச்சர் முழங்கை படத்தைக் காட்டினார். பிறகு, "மூணாவது பணியில நான் அனுப்பினது பொய். நூலே கட்டல. இது இப்ப நிஜமா கட்டினது" என்று ஒன்பது புள்ளி ஏழு நான்கைப் போட்டார். அப்புறம் நெற்றி சார் ஒலியைத் திறந்து, "எங்க வீட்லயும் நூல் இல்லைங்க" என்றார்.

அறிக்கை எழுத வேண்டிய நாளில் டீச்சர் கணவருக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல என்னை எழுதுங்க."

"அந்தக் கட்டம் ரெண்டு விரல் அகலம்தான். இருபத்திரண்டு வருஷம் கொள்ளாது" என்றார் அவர். ஆனால் அந்தப் பெண் மூன்று மாதம் கண்காணிப்பில் இருந்து, தினம் காலையில் தன் எதிரிலேயே மெஷினைச் சரிபார்க்க வேண்டும், வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை டீச்சரும் அவரோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். மெஷின் முன்னால் ஓர் ஒல்லிப் பெண் எண் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நூற்று நான்கு வந்தது. நூற்று நான்கு என்றே எழுதினாள். திரும்பி டீச்சரைப் பார்த்ததும் விறைத்து எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்களுக்கெல்லாம் நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்."

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"எனக்கு அப்ப ஒன்பது புள்ளி மூணு வந்துச்சு டீச்சர்" என்றாள்.

டீச்சருக்குக் கண் விரிந்தது. "மூணா? நூலை எதுவரைக்கும் அளந்தே? முடிச்சு வரைக்குமா, குண்டோட நடு வரைக்குமா?"

"ஞாபகம் இல்ல டீச்சர். மூணு தடவை ஆடவிட்டேன், மூணு தடவையும் அதேதான் வந்துச்சு. ஏன்னு கேக்கத்தான் நோட்டைத் தூக்கிட்டு உங்ககிட்ட வந்தேன். நீங்க ரப்பரை எடுத்துக் கொடுத்தீங்க."